அப்பா கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஒன்றரை வருடமாக மூச்சுத்திணறல், விட்டு விட்டுக் காய்ச்சல். முதலில் பார்த்த மருத்துவமனையில் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் காசநோயே இல்லை, நுரையீரல் தழும்பாகி இறுகிவிட்டது என்றார்கள். இப்போது இருக்கும் இடத்தில், உடம்பின் எதிர்ப்புசக்தியே நுரையீரலைத் தாக்குகிறது என்று நினைக்கிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை. பயாப்ஸி எடுத்தால் தாங்கமாட்டார், இனி சில வாரங்கள்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். போன வாரம் அப்பா என்னிடம், "நான் போனதும் அறுத்துப் பார்க்கச் சொல்லு, அடுத்து வர்றவனுக்காவது என்னன்னு தெரியட்டும்" என்றார். நான் "பார்க்கலாம்பா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அண்ணனிடம் சொன்னால், "உயிரோட இருக்கும்போது குத்தினது போதாதா?" என்று கத்துகிறார். தம்பி, "ஏதாவது வெளியே வந்தா ஆஸ்பத்திரியோட சண்டை போட எனக்கு நேரமில்லை" என்கிறான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இத்தனை ஸ்கேன் எடுத்த பிறகு போஸ்ட்மார்ட்டத்தால் என்ன பயன்? இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: இந்தச் சண்டை எனக்கு வருடம் முழுக்கக் கடிதமாக வருகிறது. பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும், "எதனால் போனார் என்றே தெரியவில்லை, அன்றைக்கே கேட்டிருக்கலாமோ" என்று. அவர்களுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. நீங்கள் முன்னாலேயே எழுதியிருக்கிறீர்கள். நாள் குறைவு என்பதால் இந்தப் பதிலை இதழ் வெளிவரும் முன்பே உங்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் கத்துகிறார், தம்பி தட்டிக்கழிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: பேச்சை மாற்றிவிட்டேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த வரிதான். அண்ணனும் தம்பியும் அப்பாவின் வாயிலிருந்து அதைக் கேட்கவில்லை. கேட்டது நீங்கள். சாகப்போகிற மனிதர், புத்தி தெளிவாக இருக்கும்போதே, எத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தாரோ, பெற்ற பெண்ணிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறார், நீங்கள் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. அவர் மறுபடி கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்கவும் மாட்டார். "இதுக்கு இது அழும், விட்டுடுவோம்" என்று பிள்ளைக்காக வாயை மூடிக்கொள்கிற தகப்பன்மார்தான் அதிகம். அண்ணனைச் சம்மதிக்க வைப்பது அப்புறம். முதலில் நீங்கள் சம்மதித்தீர்களா?

உங்கள் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அழுகை வருகிறது என்பதற்காகக் கடமையைத் தள்ளிப்போட முடியாது. பெற்றவர்களுக்குச் செய்வது என்றால் நமக்கு மனசு ஆறுகிற மாதிரி செய்வதில்லை, அவர்கள் கேட்டதைச் செய்வது. இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, என்ன பயன் என்று கேட்டீர்கள். ஸ்கேன் வந்த பிறகு இதெல்லாம் தேவையில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடமே உண்டு. 1983-இல் பாஸ்டனில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. ஒரே போதனா மருத்துவமனையில் 1960, 1970, 1980 என்று மூன்று வருடங்களில் இருந்து தலா 100 உடற்கூறாய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். இடையில் அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்துவிட்டன. ஆனாலும் மூன்று காலத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, முன்பே தெரிந்திருந்தால் சிகிச்சையை மாற்றி ஆயுளை நீட்டித்திருக்கக்கூடிய ஒரு பெரிய நோய் கண்ணில் படாமலே போயிருந்தது. 2003-இல், நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த 53 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். தவறு காலப்போக்கில் குறைந்துதான் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அப்படியும் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் நூறு உடற்கூறாய்வுகளில் 8 முதல் 24 வரை நோயறிதலில் பெரிய தவறு இருக்கலாம், 4 முதல் 7 வரை முடிவையே மாற்றியிருக்கக்கூடிய தவறாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மூன்று இடத்தில் மூன்று பெயர் சொல்லப்பட்ட உங்கள் அப்பாவை இந்தக் கணக்குக்கு வெளியே வைக்க முடியுமா?

இதில் மருத்துவர்கள் கெட்டவர்கள் என்று ஒன்றும் இல்லை. சிகிச்சை தவறினால் உயிரோடு இருப்பவர் திரும்பி வந்து சொல்வார். இறந்தவர் வரமாட்டார். சான்றிதழில் ஒரு நோயின் பெயரை எழுதுவார்கள், அதுவே புள்ளிவிவரத்திலும் ஏறும், அதே மருத்துவர் அடுத்த வாரம் அதே மூச்சுத்திணறலோடு வருகிறவருக்கு அதே மருந்தை நல்ல மனசோடு, முழு நம்பிக்கையோடு எழுதுவார். விடைத்தாளைத் திருத்தாமலே வருடக்கணக்கில் பாடம் நடத்துவது போலத்தான் இது, உங்கள் அப்பாவுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கிறது.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் மூச்சு முட்டி இறந்தவர்களின் உடலைத் திறக்கவே உலகம் பயந்தது. ஹாம்பர்க்கில் திறந்து பார்த்தார்கள். முதல் 12 பேரில் 7 பேருக்குக் கால் இரத்தக்குழாய்களுக்குள் இரத்தம் உறைந்திருந்தது, உயிரோடு இருக்கும்போது யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நான்கு பேர் இறந்ததே அந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததால்தான். இப்படி வந்த தகவல்கள்தான் உறைவைத் தடுக்கும் மருந்தின் மேல் மருத்துவர்களின் கவனத்தைத் திருப்ப உதவின. அந்த 12 குடும்பங்களுக்கும் துக்கம் குறைந்திருக்காது, பின்னால் வந்தவர்களுக்கு வழி தெரிந்தது. "அடுத்து வர்றவனுக்காவது" என்று உங்கள் அப்பா சொன்னது இதைத்தான். உங்கள் வீட்டில் முகம் தெரியாத அந்த அடுத்த நோயாளியைப் பற்றி நினைக்கிற ஒரே ஆள், படுக்கையில் கிடக்கிறவர்!

அண்ணனுக்கு வருகிறேன். அவர் பேசுவது அவருடைய வலி, அதை மதியுங்கள், ஆனால் அதை அப்பாவின் வலியாக ஏற்காதீர்கள். அவர் மனசில் போலீஸ் கேஸ் போஸ்ட்மார்ட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கும். அது சட்டம் கேட்பது, குடும்பத்தின் சம்மதத்துக்குக் காத்திருக்காது. இது மருத்துவமனை செய்வது, சம்மதம் இல்லாமல் தொடமாட்டார்கள். எதைப் பார்க்கலாம் என்பதையும் நீங்களே வரையறுக்கலாம். நெஞ்சுப் பகுதி மட்டும் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், முகத்தைத் தொடவேண்டிய அவசியம் இல்லை. சில மணி நேர வேலை. தைத்து, உடுத்தி அனுப்பினால் பார்க்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உறுப்புகளைத் திருப்பி வைக்கிறார்களா, சிறு திசுத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்களா என்பதை முன்கூட்டியே கேட்டு, படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவும் தெரிந்த பிறகும் அவர் வேண்டாம் என்றால், "எனக்குத் தாங்காது" என்று அப்பாவின் எதிரில் உட்கார்ந்து சொல்லட்டும். உங்களிடம் கத்துவது சுலபம்.

தம்பி விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. யார் சண்டை போடச் சொன்னார்கள்? கொடுத்த சிகிச்சை சரிதான் என்றும் முடிவு வரலாம், அப்படியும் நிறைய வருகிறது. நுரையீரல் இறுகும் நோயில் சில வகை குடும்பத்தில் தொடரும், அது தெரியவந்தால் முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டியது பிள்ளைகள் மூவரும்தான். காசநோய்தான் இருந்தது என்று தெரிந்தால் வீட்டில் எல்லோருமே பார்த்துக்கொள்ள வேண்டும். நேரமில்லை என்கிறவனிடம் இதைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஏன் தெரியாது? இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனுஷியை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று பிள்ளைகள் கூடி முடிவெடுப்பது என்ன நியாயம்? பல இடங்களில் கையெழுத்துக்கு முதல் உரிமை மனைவிக்குத்தான். இன்றைக்கே சொல்லுங்கள்.

அப்பா சொன்னதை அவர் கைப்பட எழுதி, சாட்சியோடு கையெழுத்திட வையுங்கள். சில நாடுகளில் அந்தத் தாளே போதும், சில இடங்களில் குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். எங்கே ஆனாலும் அந்தத் தாளுக்குக் கனம் உண்டு. மருத்துவர் வந்து கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். முன்பெல்லாம் கேட்பார்கள். அமெரிக்காவில் 1971 வரை ஒரு மருத்துவமனை அங்கீகாரம் பெற, இறப்புகளில் குறிப்பிட்ட பங்குக்கு உடற்கூறாய்வு செய்திருக்க வேண்டும். அந்த விதியை எடுத்துவிட்டார்கள், எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. இன்று பல மருத்துவர்கள் கேட்கவே தயங்குகிறார்கள். நீங்களே போய்க் கேளுங்கள்: இங்கே செய்வார்களா, இல்லையென்றால் எந்த மருத்துவக் கல்லூரியில் செய்வார்கள், செலவு யாருடையது, அறிக்கை யார் பெயருக்கு வரும், வந்தபின் உட்கார்ந்து விளக்க யார் இருப்பார்கள். காலம் கடந்தால் திசு கெட்டுவிடும், அதனால் இதெல்லாம் இப்போதே பேசி வைக்க வேண்டியவை.

முழு அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகும், திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து முடிக்க வேண்டும். வந்ததும் மூன்று மருத்துவமனைகளுக்கும் ஒவ்வொரு நகல் அனுப்புங்கள். குற்றம் சாட்டி எழுத வேண்டாம். அப்பாவின் பெயர், நோயாளி எண், சிகிச்சை பெற்ற தேதிகள், "இவரைப் பார்த்த மருத்துவருக்குச் சேரவும்", அவ்வளவு போதும். ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தவர்களுக்கு முதலில் அனுப்புங்கள்.