ஊர் மாறினால் எழுத்து மாறுமா?

கேள்வி: எழுத விரும்புகிறவர்கள் நிறையப் பயணம் செய்ய வேண்டும் என்கிறார்கள். நானும் சென்று வந்தேன். ஆனால், திரும்பி வந்து எழுதியவை சுற்றுலாக் கையேடு போல இருக்கின்றன. குறை எங்கே இருக்கிறது?

பதில்: அவசரத்தில் இருக்கிறது. புதிய இடத்தில் முதலில் நம் கண்ணில் படுவது எல்லோர் கண்ணிலும் படுவதுதான். அதை உடனே எழுதினால் கையேடுதான் வரும். பயணத்தால் நமக்குக் கிடைக்கும் உதவி வேறு. பழகிய வீட்டில் இருட்டிலும் கை தானாகச் சுவிட்சைத் தொட்டுவிடுகிறது; தங்கப்போன அறையிலோ அதே கை சுவரைத் தடவித் தேடும்போது, அதன் சொரசொரப்பும் ஈரமும் விரலுக்குத் தெரிகின்றன. பழக்கம் அறுபடும்போது இப்படி விழித்துக்கொள்ளும் கவனம்தான் எழுதுகிறவருக்கு மூலதனம். எனவே கோபுரத்தின் உயரத்தைக் குறித்துவைக்க வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். உங்களுக்குப் புரியாமல் போனதையும், அங்கே உள்ளவர்கள் சிரித்தபோது நீங்கள் சிரிக்க முடியாமல் நின்றதையும் குறித்துவையுங்கள்.

அந்தக் குறிப்புகள் படைப்பாக மாறக் காலம் பிடிக்கும். ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் 1890இல் காங்கோவில் வைத்திருந்த குறிப்பேடுகளில் நடந்த தூரம், முகாம், உடல்நலக் குறைவு, ஆற்றின் ஆழம், மணல்திட்டு ஆகியவையே மிகுதி. அந்த அனுபவம் ‘இருளின் இதயம்’ (Heart of Darkness) என்ற குறுநாவலாகப் பத்திரிகையில் வெளிவந்தது 1899இல்தான். இளமையில் இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்து 1946இல் தாயகம் திரும்பிய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவல் நூலாக வெளிவந்தது 1972இல். அத்தனை ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லவில்லை. பயண அலுப்பு தீரும்வரையாவது பொறுக்கலாம்.

கேள்வி: நான் என் சொந்த ஊரைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன். எனக்குப் பயணம் எதற்கு?

பதில்: உங்களுக்குத்தான் அது அதிகம் உதவக்கூடும். 1904இல் தம் சொந்த ஊரான அயர்லாந்தின் டப்ளினை விட்டு வெளியேறிய எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், அந்நகரின் ஒரே நாளைச் சொல்லும் ‘யுலிசிஸ்’ நாவலை டிரியெஸ்டி, சூரிச், பாரிஸ் ஆகிய நகரங்களில் இருந்தபடி எழுதினார். நாவலின் நாயகன் குடியிருக்கும் எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் கம்பித் தடுப்பைச் சாதாரண மனிதர் ஒருவர் ஏறிக் கடந்து, அடிபடாமல் கீழே இறங்க முடியுமா என்று டப்ளினில் இருந்த தம் அத்தைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தத் தெருவிலேயே குடியிருந்திருந்தால், தினமும் கடந்துபோகும் கம்பியைப் பற்றி இப்படியொரு கேள்வி அவருக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. ஆகவே, சில காலம் வெளியூரில் தங்கும் வாய்ப்பு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். கேட்டதைப் பார்த்துப் பதில் எழுத ஊரில் ஓர் அத்தையும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது.