உடம்புக்குள் வைக்கும் துணி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

திசுச் சீரமைப்புக்கான இழைகளோடுதான் என் தினசரி வேலை, அதாவது செல்கள் பற்றி வளர்ந்து புதுத் திசு ஆகும்வரை சாரம் மாதிரி தாங்கும் துணிகள். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

கேள்வி: கரையும் தையல் நூலிலேயே துணி பின்னிவிட்டால் போதாதா?

பின்னலாம், ஆனால் காலக்கணக்கு இடிக்கும். கரையும் தையல் நூல் வகைகளில் ஒன்றான பாலிகிளைகாலிக் அமில நூலை உடம்பின் நீரே துண்டு துண்டாக வெட்டிவிடும். நூல் முழுதாகக் கரைய 2, 3 மாதம் ஆனாலும் அதன் பலம் ஒரு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் போய்விடும். தோலுக்கு அது சரி, தசைநாண் தேற அதைவிட அதிக நாள் பிடிக்கும். மெதுவாகக் கரையும் இன்னொரு பாலிமரான பாலிகாப்ரோலாக்டோனோ 2 ஆண்டு தாண்டியும் கிடக்கும். நூல் தளரத் தளரப் புதுத் திசு சுமையை ஏற்க வேண்டும், நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வதே இதற்குத்தான்.

கேள்வி: நானோ இழைதான் எல்லாவற்றிலும் சிறந்ததாமே அக்கா?

அப்படிச் சொல்ல மாட்டேன் தம்பி. நானோ இழை என்பது மிக மிக மெல்லிய இழை; அதை நூற்க, ஊசி முனையில் நிற்கும் பாலிமர் கரைசல் துளிக்கு 15 கிலோவோல்ட் கொடுத்தால் அது கூம்பாக இழுபட்டு, நுனியிலிருந்து ஒரு இழை சாட்டை மாதிரி சுழன்றுவந்து தகட்டில் படியும், பார்க்கவே அவ்வளவு அழகு. நம் திசுவில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழையின் பருமனுக்கு நெருக்கமாக இருப்பதால் செல்கள் நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் இழைகளுக்கு நடுவே இடைவெளி சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), செல்லோ 10 மைக்ரானுக்கு மேல். நான் முதலில் செய்த நானோ இழைப் பாயில் செல்களை வளர்த்து, அதைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தபோது, சாயமேற்றிய செல் கருக்கள் மேல் விளிம்பில் மட்டும் நீலக் கோடாக நின்றன, உள்ளே ஒன்றுகூட இல்லை. அப்புறம் நீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழையையும் கூடவே நூற்று, பிறகு அதைக் கழுவி எடுத்து வழிவிட்டோம்.

கேள்வி: பட்டு நூலை அப்படியே வைக்கலாமா?

கூடாது. சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்து செரிசின் பசையை நீக்கிய பிறகுதான்.

கேள்வி: செயற்கை ரத்தக்குழாய்க்கு நெசவா, பின்னலா?

1950களில் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியைத் தையல் இயந்திரத்தில் தைத்தே குழாய் செய்தார். நெசவில் ரத்தம் கசிவது குறைவு, ஆனால் விறைப்பு, வெட்டிய ஓரம் பிரியும். பின்னல் மென்மையானது, திசுவும் உள்ளே வளரும், ஆனால் கசியும் என்பதால் கொலாஜனோ ஜெலட்டினோ பூசுவார்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறுகிய குழாயில் இரண்டுமே உறைந்து அடைத்துக்கொள்கின்றன.

கேள்வி: தடிமனான திசுவை ஏன் இன்னும் வளர்க்க முடியவில்லை?

நுண் ரத்தக்குழாயிலிருந்து சுமார் 200 மைக்ரானுக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. துணியை எவ்வளவு நேர்த்தியாகப் பின்னினாலும், ரத்தக்குழாய்கள் உள்ளே வந்து சேர்வதற்குள் நடுவில் இருப்பவை செத்துவிடும்.