‘ஸ்கிராட்ச்டு’ என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

கேள்வி: பயன்படுத்திய கேமரா லென்ஸ் வாங்க ஆன்லைனில் தேடினேன். ஒன்றின் விவரத்தில் ‘ஸ்கிராட்ச்டு’ என்றும் இன்னொன்றில் ‘ஸ்கஃப்டு’ என்றும் இருக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்குவது?

பதில்: ‘ஸ்கஃப்டு’ என்றால் உரசி உரசி மேற்பரப்பு மங்கியிருக்கிறது என்று பொருள், ஷூவின் முனை தேய்ந்து வெளுத்துப்போவது போல. லென்ஸுக்கு அப்படி எழுதினால் பெரும்பாலும் வெளிக்கூட்டைத்தான் சொல்கிறார்கள். அதனால் படத்துக்குக் கெடுதல் இல்லை. ‘ஸ்கிராட்ச்டு’ என்பது கூரான ஏதோ பட்டுக் கோடாக விழுந்த கீறல். அது எங்கே விழுந்திருக்கிறது என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

முன்பக்கக் கண்ணாடியில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம். சாதாரண வெளிச்சத்தில் எடுக்கும் படத்தில் அது தெரியாது. வெயிலை நோக்கி எடுக்கும்போது ஒளி சிதறிப் படம் வெளிறலாம், அவ்வளவுதான். பின்பக்கக் கண்ணாடி வேறு விஷயம். அது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்குள்ள கீறல் படத்தைக் கெடுக்கும் வாய்ப்பு மிக அதிகம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நானாக இருந்தால் அதைத் தொடமாட்டேன்.

‘மைனர்’ என்ற அடைமொழி கூட இருந்தாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சின்னது எது என்பதை அங்கே விற்பவர்தான் தீர்மானிக்கிறார். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கீறல் மறைந்துவிடும். ஆகவே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, இரு பக்கக் கண்ணாடிகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இதே சொல் மற்ற பொருள்களில் வேறு விதமாக வேலை செய்யும். சிடியின் பளபளப்பான பக்கத்தில் விழுந்த லேசான கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். லேபிள் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் தகவல் பதிந்த உலோகப் படலமே போய்விடும், மீட்க வழியில்லை. வாஷிங் மெஷின் போன்றவற்றை ‘ஸ்கிராட்ச் அண்ட் டென்ட்’ (கீறலும் நசுங்கலும் உள்ளவை) என்று தள்ளுபடியில் விற்பார்கள். பெயின்ட் மட்டும் கீறியிருந்தால் தாராளமாக வாங்கலாம். கீறல் தகடுவரை இறங்கியிருந்தால் அங்கே துருப் பிடிக்கும். நகத்தால் குறுக்கே வருடினால் ஆழம் தெரிந்துவிடும். லென்ஸில் மட்டும் இந்தச் சோதனை கூடாது. அதன் மேல்பூச்சு கெடும்.

கீறலைத் தவிர வேறு குறை இல்லை என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருளைத் திருப்பித் தர நேர்ந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.