காருக்குள் எரியும் விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரவில் சென்னைக்குக் கார் ஓட்டிச் செல்லும்போது, பின் இருக்கையில் குழந்தை அழுதால் மனைவி உடனே கூரை விளக்கைப் போட்டுவிடுகிறார். அணைக்கச் சொன்னால், 'இந்தச் சின்ன விளக்கால் என்ன ஆகிவிடும்?' என்கிறார். யார் சொல்வது சரி? (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதே சரி. ஆனால், குழந்தையைக் கவனிக்க வெளிச்சம் வேண்டும் என்பதும் நியாயமான தேவைதான். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும். எதிரே வரும் வண்டிகளின் விளக்குகளால் நெடுஞ்சாலையில் கண் அந்த அளவுக்குப் பழகுவதே இல்லை. கிடைக்கிற கொஞ்சத்தையும் நாமே கெடுத்துக்கொள்ளலாமா?

இதைவிடப் பெரிய தொல்லை முன்கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடி, தன்மேல் நேராக விழும் ஒளியிலேயே ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சாய்வாக விழும் ஒளியில் இந்த அளவு இன்னும் கூடும். பகலில் இது நமக்குத் தெரிவதில்லை. இரவில் கூரை விளக்கைப் போட்டதும் உங்கள் வெள்ளைச் சட்டையும், டேஷ்போர்டில் கிடக்கும் டோல் ரசீதும் கண்ணாடியில் மிதக்கும். சாலையோரம் விளக்கில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பெரியவரின் சாம்பல் நிறத் துண்டு, அந்தப் பிம்பத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். என்னை அச்சுறுத்துவது இதுதான்.

ஆகவே, வண்டி ஓடும்போது கூரை விளக்கு வேண்டாம். செல்போன் டார்ச்சை விரல்களால் பாதி மூடி, இருக்கைக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தாலே பால் புட்டியைத் தேடி எடுத்துவிடலாம். மேலே தூக்கினால் ரியர் வியூ மிரர் வழியாக உங்கள் கண்ணில் அடிக்கும். கூடுதல் நேரம் தேவைப்பட்டால், சாலையோரத்தில் நிறுத்தாமல், பெட்ரோல் பங்க் வரை சென்று உள்ளே நிறுத்திவிட்டு விளக்கைப் போடுங்கள். மீட்டர் வெளிச்சத்தையும் தொடுதிரையின் வெளிச்சத்தையும்கூட இரவில் குறைத்துவிடுவது நல்லது.

கேள்வி: இரவு முழுவதும் கூரை விளக்கு எரிந்திருக்கிறது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு சின்ன பல்பால் இப்படி ஆகுமா? பேட்டரிக்கு நான்கு வயது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: ஆகும். பழைய வகை 10 வாட் பல்பு, 12 வோல்ட்டில் மணிக்கு ஏறத்தாழ 0.8 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) மின்சாரத்தை எடுக்கும். 12 மணி நேரத்தில் அது 10 ஆம்பியர்-மணியாகிவிடும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் இந்த இழப்பைத் தாங்கும். நான்கு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பேட்டரியால் தாங்க முடியாமல் போவதில் வியப்பில்லை.

விளக்கின் ஸ்விட்சுக்குப் பெரும்பாலும் மூன்று நிலைகள் உண்டு: எப்போதும் எரிவது, கதவைத் திறந்தால் எரிவது, முழுவதும் அணைவது. நடு நிலையில் விட்டுவிடுவதே நல்ல பழக்கம். அப்படி வைத்தும் விளக்கு அணையவில்லை என்றால், ஒரு கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருக்கலாம், அல்லது கதவு ஸ்விட்ச் சிக்கியிருக்கலாம். பழைய வண்டிகளில் அது கதவுச் சட்டத்தில் ரப்பர் உறை போட்ட சிறிய பொத்தானாக இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிக்கி விளக்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து ஒரு நிமிடம் மூடிப் பாருங்கள். விளக்கு அணைகிறதா இல்லையா என்பது படத்தில் தெரியும்.

கேள்வி: காலடியில் நீல எல்இடி பட்டை ஒட்டலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஒட்டலாம்; ஆனால் நீலம் வேண்டாம். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கண்ணின் செல்கள் நீலத்தால் எளிதில் கூசும்; சிவப்பு அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. பட்டையின் ஒளி நேராகக் கண்ணில் படாதபடி டேஷ்போர்டுக்கு அடியில் ஒட்டச் சொல்லுங்கள். முன்கண்ணாடியை ஒட்டிய தூண் உறைக்குள் வயரைச் செருக விடாதீர்கள். பல வண்டிகளில் திரை ஏர்பேக் (விபத்தின்போது பக்கவாட்டில் திரைபோல் விரியும் காற்றுப்பை) அந்த வழியாகத்தான் செல்கிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்தே எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடைக்காரரால் காட்ட முடியாவிட்டால், பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.