மருந்தடிக்கிற ஊரிலிருந்து நஞ்சியல் படிக்கக் கேட்கும் மகள்

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகளுக்கு உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் ஷையிலும் (இரண்டாம் தரம் எழுதியும்) இரண்டு பியும் ஒரு சியும்தான். மெடிசின் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் ஷைக்கு ரியூசன் காசு தேடலாமா என்று நீங்கள் யோசிக்கும் நேரத்தில் அவள் நஞ்சியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "பொம்பிளைப் பிள்ளை நஞ்சைப் படிச்சு என்ன செய்யப் போகுது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். எங்கே படிப்பது, என்ன வேலை என்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் வீட்டுக்காரர் படுவான்கரையில் வேளாண்மை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பயிரில் பூச்சி விழுந்தால் நாம் என்ன சொல்கிறோம்? மருந்தடிக்க வேணும் என்கிறோம். காய்ச்சல் பிள்ளைக்குக் கொடுப்பதும் மருந்து, பூச்சியைக் கொல்ல அடிப்பதும் மருந்து. மகள் படிக்கக் கேட்கும் பாடம் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாளுக்கு உடம்புக்குள் போகிறது என்பதை வைத்துத்தான் அது மருந்தா நஞ்சா என்று சொல்ல முடியும். எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, அளவுதான் ஒன்றை நஞ்சாகாமல் வைக்கிறது என்று பாரசெல்சஸ் என்ற வைத்தியர் 1538இல் எழுதினார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வதும் அதைத்தான்.

வீட்டிலிருக்கும் பனடோலை எடுங்கள். ஒரு குளிசை 500 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது. ஈரல் அதை உடைக்கும்போது ஒரு சிறு பங்கு கெட்ட பொருளாக மாறும். அதை அடக்க ஈரலில் குளுத்தாதயோன் என்ற பொருள் இருப்பில் இருக்கிறது. அளவு மீறினால் அந்த இருப்பு தீர்ந்து, ஈரலே பழுதாகத் தொடங்கும். உள்ளே போனது எங்கே சேர்கிறது, ஈரல் அதை என்னவாக மாற்றுகிறது, சிறுநீரகம் எப்படி வெளியேற்றுகிறது என்ற கேள்விகள்தான் மகளின் பாடத்தில் பெரும்பகுதி.

நீங்களும் இதில் ஓரளவு தேர்ந்தவர்தான். மரவள்ளிக்கிழங்கை மூடியைத் திறந்து வைத்துத்தானே அவிக்கிறீர்கள்? கிழங்கிலிருந்து வரும் ஐதரசன் சயனைட்டு ஆவியாகிப் போகத்தான் அது. பேத்தை மீனைக் கறிக்கு எடுக்காமல் வலைக்காரர் எறிந்துவிடுவதற்கும் காரணம் உண்டு. அதன் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. ஒன்று சூட்டில் போகிறது, மற்றது போவதில்லை. ஏன் என்று கேட்கத் தொடங்கினால் இரசாயனவியல் வந்துவிடும்.

என் மாமா ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். நான் சின்னப் பிள்ளை. அவர் ஒரு நாள் முழுக்க வயலில் மருந்தடித்தார். மெசின் ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருந்தது. கையுறை கிடையாது, வெறுங்கால். பின்னேரம் வீட்டுக்கு வந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது, வாயால் எச்சில் வழிந்தது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது. அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. எல்லாம் தோலால் போனது. வைத்தியசாலையில் அத்திரோப்பின் ஏற்றிக் காப்பாற்றினார்கள். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிநாசினிகள் நரம்புச் செய்தியை நிறுத்தும் நொதியத்தை முடக்கிவிடும். நிறுத்த ஆளில்லாமல் சுரப்பிகளும் தசைகளும் ஓயாமல் வேலை செய்யும். அத்திரோப்பின் அந்தச் செய்தி போய்ச் சேரும் இடத்தை அடைத்துவிடுகிறது. அந்த அத்திரோப்பின் பெலடோனா என்ற நச்சுச் செடியில் இருப்பது. இதைப் பல வருடம் கழித்து வாசித்தபோது, அன்றைக்கு வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருந்தால் மாமாவின் சட்டையை உடனே கழற்றிக் கழுவியிருப்பார்களே என்றுதான் நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்பதையும் மகள் தெரிந்திருக்க வேண்டும். 1832இல் இங்கிலாந்தில் ஒரு நஞ்சூட்டல் வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற இரசாயனவியலாளர் ஆசனிக் என்ற நஞ்சு கலந்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் யூரிமாருக்குக் காட்டும் நேரத்தில் சோதனையில் கிடைத்த மஞ்சள் வீழ்படிவு கெட்டுப்போயிருந்தது. குற்றவாளி விடுதலையானான், பிறகு தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். அந்த ஆற்றாமையில் உழைத்து மார்ஷ் 1836இல் மிக நுண்ணிய அளவு ஆசனிக்கையும் காட்டும் ஒரு சோதனையை வெளியிட்டார். நஞ்சுகளைப் பற்றி 1814லேயே பெரிய நூல் எழுதியிருந்த ஓர்பிலா என்ற வைத்தியர், 1840இல் பிரான்சில் ஒரு வழக்கில் அதே சோதனையால் இறந்தவரின் உடலில் ஆசனிக் இருந்ததைக் காட்டினார். நஞ்சு வைத்தவன் தப்பிவிடும் காலம் முடியத் தொடங்கியது அப்போதுதான். மகளுக்கு இரசாயனவியல் சலிக்கும் நாளில் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் நடந்தது இதைவிடப் பெரியது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதில் பூச்சிநாசினியின் பங்கு மிகப் பெரியது. நம் பக்கத்து ஊர்களில் அந்தச் சாவு வீடுகளுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். மிகக் கொடிய பூச்சிநாசினிகளை அந்த வருடத்தோடு அரசு முற்றாகத் தடை செய்தது. அடுத்த பத்து வருடத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. விளைச்சலும் விழவில்லை. எதைத் தடுப்பது, எதை விடுவது என்று எடைபோட்டுச் சொன்னதில் நஞ்சியல் படித்தவர்களுக்கும் பங்கு உண்டு. "நஞ்சைப் படிச்சு என்ன செய்யும்?" என்று கேட்டீர்களே, இதைத்தான் செய்யும்.

முடியாத வேலையும் கிடக்கிறது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோய் அம்பாறையின் மேற்குப் பக்கத்திலும் இருக்கிறது. தண்ணீரா, விவசாய இரசாயனமா, வெயிலும் நீரிழப்புமா என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

சரி, வழி என்ன? உயர்தரம் முடித்த கையோடு நஞ்சியல் என்ற பெயரிலேயே ஒரு பட்டத்தைத் தேட வேண்டாம். முதலில் ஓர் அடிப்படைப் பட்டம், நஞ்சியல் அதன் மேல். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் நமக்குக் கிட்ட. மருந்தகவியல் கிடைத்தால் அது இன்னும் நேரான பாதை, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. எங்கே போனாலும் இரசாயனவியலை விடக்கூடாது. மட்டக்களப்பு, அம்பாறை என்ற நமது இரண்டு மாவட்டங்களும் கல்வியில் பின்தங்கியவை என்ற பட்டியலில் இருப்பதால் அந்த ஒதுக்கீடும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை வைத்துத் தெரிவுகளின் ஒழுங்கை நாங்கள் சேர்ந்து போடுவோம்.

வேலை விஷயத்தில் மறைக்க மாட்டேன். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம், பேராதனையில் பூச்சிநாசினிப் பதிவாளர் அலுவலகம், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையம், மருந்து ஒழுங்குபடுத்தல், சுற்றாடல், உணவுக் கம்பனிகளின் ஆய்வுகூடம் என்று இடங்கள் உண்டு. ஆனால் அரச வெற்றிடம் அடிக்கடி வராது, பெரும்பாலானவை கொழும்பு, கண்டிப் பக்கம். பிள்ளை ஊரை விட்டுப் போக நேரும். மேல்படிப்பும் வேண்டியிருக்கும். இதற்கு மனதைத் தயார் செய்யுங்கள்.

மூன்றாம் ஷை பற்றி என் அபிப்பிராயம்: மெடிசின் மட்டும்தான் வேண்டும் என்று அவளே அழுதால் எடுக்கட்டும். அவள் கேட்பது வேறு. இந்தப் பெறுபேற்றில் அவள் விரும்பும் பாதையில் ஓரிடம் கிடைக்குமானால், உங்கள் ஆசைக்காக இன்னொரு வருடத்தை அவளிடமிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்த கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது பெறுபேற்றுத் தாளோடு, தகப்பன் இந்தப் போகத்தில் அடிக்கும் மருந்துப் போத்தல்களின் லேபல்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்: என்ன இரசாயனம், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, உடம்பில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று. அவருக்கு ஒரு சோடி கையுறையும் வாங்கிக் கொடுங்கள், தங்கச்சி.