கடவுளின் பெயரைச் சொன்னால் நிஜமாகவே பாதுகாப்பு கிடைக்குமா?

கடவுளின் பெயரே கோட்டை என்று பைபிள் சொல்கிறது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்பவர்களுக்கும் வெள்ளம், நோய், சாவு எல்லாம் வருகிறதே, அப்புறம் அது என்ன பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி, கீழ்வீட்டில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை என்பதெல்லாம் பிறகு தெரிந்த கணக்கு. அன்று எங்களுக்குத் தெரிந்தது கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, மழை விடவில்லை, அவ்வளவுதான். 2005 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் ஹவுஸ் ஓனர் வாசலில் இரண்டடிக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருந்தார். அதை நம்பி உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வாசல் பக்கம் வரவே இல்லை. பாத்ரூம் ஓட்டை வழியாக ஏறி வந்தது.

ஓனர் அம்மா டார்ச்சோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, "டீச்சரம்மா, யோசிக்காதீங்க, மேல வாங்க" என்றார். அம்மா உடனே கிளம்பிவிட்டார். நான் கிளம்பவில்லை. சர்டிபிகேட், பாஸ்புக், அம்மாவின் வளையல் என்று பீரோவில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் இடுப்பளவு. பிரிட்ஜ் மிதந்து வந்து கதவில் குறுக்கே மாட்டிக்கொண்டது. கும்மிருட்டு. படிக்கட்டில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. "இருக்கீங்கப்பா, இருக்கீங்க" என்று ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு "இயேசப்பா" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் ஜெபம் வரவில்லை.

பிரிட்ஜ் விலகியதை நான் அற்புதம் என்று சாட்சி சொன்னதில்லை. தண்ணீர் ஏற ஏற அது நகரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெயர் வாயில் வந்ததும் கை நடுக்கம் நின்றது, எந்தப் பக்கம் தள்ளினால் வழி கிடைக்கும் என்று யோசிக்க முடிந்தது. தனியாக மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணம் போய்விட்டது. அது நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு நாள் மாடியில் இருந்தோம். அப்புறம் மீனவர்கள் படகு கொண்டுவந்து இறக்கினார்கள். கீழ்வீட்டில் பரண் வரை சேறு. நான் ஏற்றி வைத்த எதுவும் தேறவில்லை.

நீங்கள் கேட்ட வசனம் நீதிமொழிகள் 18:10. "கர்த்தரின் நாமம் பலத்த துருகம், நீதிமான் அதற்குள் ஓடிச் சுகமாயிருப்பான்." துருகம் என்றால் கோட்டை. சின்ன வயதிலிருந்தே மனப்பாடம், ஆனால் அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படித்தேன். "ஐசுவரியவானுடைய பொருள் அவனுக்கு அரணான பட்டணம்; அது அவன் எண்ணத்தில் உயர்ந்த மதில்போலிருக்கும்." அவன் எண்ணத்தில்! எனக்கு அந்த இரண்டடிச் சுவரும் பரணும்தான் ஞாபகம் வந்தன. முதல் வசனத்தில் 'சுகமாயிருப்பான்' என்று வரும் இடத்தில் எபிரெய மூலத்தில் உள்ள சொல்லுக்கு, உயரத்தில் வைக்கப்படுவான் என்று பொருள். மதிலுக்கு 'உயர்ந்த' என்று வருவதும் அதே சொல்தான். இரண்டு உயரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். ஒன்றில் அம்மா ஏறினார், இன்னொன்றில் நான் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நாமம் என்பதை மந்திரம்போல எடுத்துக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. பைபிளில் யாத்திராகமம் என்ற புத்தகத்தில் மோசே கடவுளிடம் பெயர் கேட்டபோது கிடைத்த பதில், "இருக்கிறவராக இருக்கிறேன்." பிறகு அதே புத்தகத்தின் 34-ஆம் அதிகாரத்தில் தம் நாமத்தைத் தாமே கூறும்போது, இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மகா தயை, சத்தியம் என்று தம் குணத்தைச் சொல்கிறார். அப்படியானால் நாமத்துக்குள் ஓடுவது என்பது, இப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்று அவரிடமே போய்ச் சேர்வது. அம்மா எபிரெயம் படித்தவர் இல்லை. ஆனாலும் அந்த ராத்திரி அவர் வாயில் வந்தது அந்தப் பெயர்தான்.

கெட்டது நடக்கிறதே என்கிறீர்கள். நடக்கிறது. எங்கள் பழைய வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், சைதாப்பேட்டை சின்னமலையில் ஒரு குகை இருக்கிறது. துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்பி, இயேசுவின் சீடர் தோமா அதில் ஒளிந்திருந்தார் என்பது பாரம்பரியம். அதே பாரம்பரியம் அவர் பிறகு பரங்கிமலையில் குத்திக் கொல்லப்பட்டார் என்றும் சொல்கிறது. குகை ஒருமுறை காப்பாற்றியது, மறுமுறை குகை இல்லை. இரண்டு இடத்திலும் அவர் கூப்பிட்டது ஒரே பெயரைத்தான் என்று நான் நம்புகிறேன். சின்னமலைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குகைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். உள்ளே குனிந்துதான் போக வேண்டும்.

அம்மா 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். வார்டுக்குள் யாரையும் விடவில்லை. கடைசி நாளில் ஒரு நர்ஸ் தன்னுடைய போனை அம்மாவின் காதில் வைத்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "இருக்கார்மா, இருக்கார்" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "ம்... இருக்கார்" என்றார்.