தேய்மானம் என்றதும் உட்கார்ந்துவிடாதீர்கள்
வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு முழங்கால்களிலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடுமோ என்று பயந்து நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டேன். வலி குறையவில்லை. இப்போது கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழவும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் தொடையின் முன்பக்கத் தசை இளைத்திருக்கிறது என்று பொருள். வலிக்கிறதே என்று காலை மடக்காமல் வைத்திருக்கிறோம், தசை மெலிகிறது, தசை தாங்க வேண்டிய சுமையும் மூட்டின் மேலேயே விழுகிறது, வலி கூடுகிறது. நடையை நிறுத்தியதால் உங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டில் சுமை ஏறி இறங்கும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்கு ஊட்டம் போய்ச் சேருகிறது. ஆகவே அளவான நடை மூட்டுக்குப் பகை அல்ல. எக்ஸ்ரேயைப் பார்த்தும் மிரள வேண்டாம். படத்தில் பெரிய மாற்றம் தெரிந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். சிறிய மாற்றத்துக்கே துடித்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு பயிற்சியோடு தொடங்குங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் இடத்தில் கெட்டியான மெத்தை ஒன்றை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயக் கூடாது. உட்காரும்போது தொப்பென்று விழாமல், நான்கு எண்ணியபடி மெல்ல இறங்குங்கள். தசைக்கு வலு சேர்ப்பதில் இந்த இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பலரும் இதைத்தான் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். 8 முதல் 10 முறை, சற்று ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். எளிதானதும் மெத்தையை எடுத்துவிடுங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு மூன்று, நான்கு என்று சொல்லும்படியான வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் மூட்டு வழக்கம்போல இருந்தால் அளவு சரி. வீங்கியோ, வலி கூடியோ இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். ஒத்தடமும் மின்தூண்டலும் சற்று நேரம் இதம் தரும், ஆனால் அவற்றால் தசை வளராது. உடல் எடை கூடுதலாக இருந்தால், குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். சில கிலோ இறங்கினாலே மூட்டுக்கு எவ்வளவு ஆறுதல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வயது 24. கால்பந்து ஆடும்போது சட்டென்று திரும்பியதில் முழங்காலுக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் நன்றாக வீங்கிவிட்டது. இப்போது வீக்கம் வடிந்து நடக்க முடிகிறது. ஆனால் திரும்பும்போது மூட்டு நழுவுவதுபோல இருக்கிறது. அடுத்த மாதப் போட்டியில் ஆடலாமா?

பதில்: ஆடாதீர்கள். சத்தம், உடனடி வீக்கம், நழுவல் மூன்றும் சேர்ந்தால் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகிப்போம். இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கும். எலும்பு மூட்டு மருத்துவர் கையால் பரிசோதித்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். அதுவரை மூட்டு நழுவ இடம் கொடுக்காதீர்கள். நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்கிக் கிழியும் ஆபத்து இருக்கிறது.

ஜவ்வு கிழிந்த எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. செய்தாலும் செய்யாவிட்டாலும் பயிற்சி மட்டும் கட்டாயம். காலை முழுக்க நீட்ட முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கால் மடங்கியபடியே இறுகிவிடும். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, ஐந்து எண்ணும்வரை அதைக் கீழே அழுத்துங்கள். தொடைத் தசை இறுகுவதைக் கையால் தொட்டுப் பாருங்கள். மூட்டில் வீக்கம் இருந்தால் மூளையே இந்தத் தசையை அடக்கி வைத்துவிடும். அதை மறுபடி எழுப்ப வேண்டும்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டால், களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். மூன்றாம் மாதம் வலி போனதும் ஓடிவிடும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வலி இல்லை என்பதால் அறுவை சிகிச்சையில் பொருத்திய புதிய ஜவ்வு உறுதிப்பட்டுவிட்டது என்று ஆகாது. அடிபட்ட காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் சோதனையிலும் தேற வேண்டும்.

கேள்வி: முழங்கால் வலிக்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டியது எப்போது?

பதில்: காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் அன்றே போங்கள், கிருமித்தொற்றாக இருக்கலாம். அடிபட்டபின் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை, மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றாலும் தாமதிக்கக் கூடாது. இவற்றில் எதற்கும் நீவிவிடுவது ஆகாது.

கேள்வி: ஒரு காலில் மட்டும் வலி. படியில் எந்தக் காலை முதலில் வைப்பது? கைத்தடி எந்தக் கையில்?

பதில்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தடி எப்போதும் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்.